மூன்று தடவை முப்பத்து நாலு

உட்காருங்கள் அக்கா, இடம் இருக்கிறது. இந்தப் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். எச்.எம். ரூமுக்குத்தானே? நானும் அதற்குத்தான். ஒன்பதரைக்கு வரச் சொன்னார்கள், மணி பத்தேகால் ஆகப்போகிறது. உள்ளே யாரோ டி.சி. கேட்டு வந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம் கேட்டது. இப்போது அதுவும் இல்லை.

உங்கள் பெண் எந்த வகுப்பு? ஒன்பதாவது சி-யா? அட, என் மகளும் அதே வகுப்புதான். நிரஞ்சனா. கடைசிக்கு முந்தின பெஞ்சு. உங்கள் மகள் பெயர்? பவதாரணி. கேட்ட பெயர்தான். கணக்கில் எவ்வளவு? சொல்லுங்கள் அக்கா, நான் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன். பதினொன்றா.

பதினொன்று பரவாயில்லை. ஆறுதலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். பதினொன்று என்றால் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை, அவ்வளவுதான், மனசு ஒரு வழியாக ஆறிவிடும். என் மகளுக்கு முப்பத்து நாலு. பாஸ் மார்க் முப்பத்தைந்து. காலாண்டில் முப்பத்து நாலு. இரண்டாம் இடைத்தேர்வில் முப்பத்து நாலு. இப்போது அரையாண்டில் அதே முப்பத்து நாலு. இந்த ஒரு மார்க்தான் அக்கா என்னைக் கொல்கிறது. எங்கே போய்த் தேடுவது அந்த ஒன்றை?

இத்தனைக்கும் நான் சும்மா இல்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்ஒர்க் சொல்லித் தருகிறேன். நான் படித்தது திருச்சியில், கான்வென்டில். சிஸ்டர் பெனடிக்டா என்று ஒருவர், கணக்கு. அவர் வராந்தாவில் நடந்து வந்தால் ஜெபமாலை மணி இடுப்பில் தட்டுகிற சத்தம் முதலில் வரும், அந்தச் சத்தத்துக்கே எங்களுக்கு வாய்ப்பாடு மறந்துபோகும். தேற்றம் எழுதினால் தலைப்புகள் வரிசை மாறக்கூடாது. கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம். ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாத வரிக்கு முட்டியில் ஒரு அடி. பக்கத்தின் தலையில் ஜே.எம்.ஜே. என்று போட வேண்டும். ஜீசஸ், மேரி, ஜோசப். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, இருந்தாலும் எனக்குக் கை பழகிவிட்டது. என் மகளையும் போடச் சொல்வேன். அதைப் போடாமல் எழுதின கணக்கு எனக்கு என்னவோ தப்பாகவே வரும்.

பிளஸ் டூவில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றி எழுபத்தெட்டு வாங்கினேன். அதற்கு மேல் படிக்கவில்லை. ரிசல்ட் வருவதற்குள் நிச்சயம் ஆகிவிட்டது, கரூருக்கு வந்துவிட்டேன். பதினெட்டில் இவள் பிறந்தாள். இப்போது எனக்கு முப்பத்திரண்டு, அவளுக்குப் பதினாலு. அதை விடுங்கள்.

இவளுக்கு என்ன குறை என்றால், சொன்னதைச் சொன்னபடி செய்ய மாட்டாள். ஏன், ஏன் என்று கேட்பாள். எக்ஸ் பிளஸ் ஏழு சமம் பன்னிரண்டு என்றால் அந்த ஏழு சமக்குறியைத் தாண்டி அந்தப் பக்கம் போகும்போது மைனஸ் ஆகும். அவ்வளவுதானே? எங்கள் சிஸ்டர் அப்படித்தான் சொன்னார். அந்தப் பக்கம் போனால் குறி மாறும். இவள் கேட்கிறாள், "ஏம்மா மாறணும்? அது எங்கயும் போகல. ரெண்டு பக்கத்துலயும் ஏழை எடுத்துட்டோம், அவ்வளவுதானே?" இதற்கு நான் என்ன சொல்வது? "மாறும்டி, மாறித்தான் ஆகணும், நான் மாறலையா?" என்றேன். சிரித்தாள். பிறகு நான் சொன்னபடியே எழுதினாள்.

மெதுவான பிள்ளை அக்கா. புரிந்துகொள்ள நேரம் எடுக்கும். முக்கோணம் ஏ.பி.சி. என்றால் எனக்குத் தேற்றம் தூக்கத்தில்கூட வரும். இப்போதைய புத்தகத்தில் பி.க்யூ.ஆர். என்று கொடுத்துவிடுகிறார்கள். போன மாதம் எனக்கே நடுவில் தடுமாறிவிட்டது. எந்தக் கோணத்துக்கு எந்தப் பக்கம் எதிர் என்று பேனாவை வைத்துக்கொண்டு முழிக்கிறேன். இவள் மெதுவாக, "அம்மா, க்யூவை ஏ-ன்னு நினைச்சுக்கம்மா, மத்தது தானா வரும்" என்றாள். வந்தது. குருட்டாம்போக்கில் சில சமயம் சரியாகச் சொல்லிவிடுவாள்.

இன்னொரு கூத்து கேளுங்கள். வயதுக் கணக்கு. புத்தகத்தில் தாய்க்கு நாற்பது, மகளுக்குப் பத்து என்று ஏதோ இருந்தது. அதை முடித்ததும் இவளாகவே ஒரு கணக்குப் போட்டாள். "அம்மாவுக்கு முப்பத்திரண்டு. பொண்ணுக்குப் பதினாலு. எத்தனை வருஷத்துல அம்மா வயசு பொண்ணு வயசுல ரெண்டு மடங்கா இருக்கும்?" நான் எக்ஸ் என்க என்று ஆரம்பித்து, அடைப்புக்குறி போட்டு, பெருக்கி, குறி மாற்றி, ஆறாவது வரியில் நாலு என்று கொண்டுவந்தேன். இவள் பென்சிலைக்கூட எடுக்கவில்லை. "இதுக்கு எக்ஸே வேண்டாம்மா. என்னைப் பெத்தப்ப உனக்கு என்ன வயசோ, அந்த வயசு எனக்கு எப்ப வருதோ அப்ப நீ ரெண்டு மடங்கு. பதினெட்டு. அதுக்கு நாலு வருஷம் இருக்கு" என்றாள். ஸ்டெப் எழுதாத விடைக்கு எந்த டீச்சர் மார்க் போடுவார்? திட்டினேன். "நாலு வருஷம்மா" என்று திரும்பவும் சொன்னாள், நான் காதில் வாங்கவில்லை என்பதுபோல.

அவள் அப்பாவா? பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் ஃபிட்டர். கை வேலையில் கெட்டிக்காரர். டேப்பை ஒரு தடவை இழுத்தால் போதும், நூல் பிசகாது. தகரத்தைக் கண்ணால் பார்த்தே மூலை மட்டம் சொல்வார். ஆனால் பத்தாவதில் கணக்கில் இரண்டு தடவை போய்விட்டது. அதனாலோ என்னவோ, படிப்பு என்றால் அப்படி ஒரு மரியாதை. ஆறே முக்காலுக்கு வண்டிச் சத்தம் கேட்கும். உள்ளே வருவார். கீழே நோட்டும் புத்தகமும் ஜாமெட்ரி பாக்ஸும் திறந்து கிடந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். சோறு எங்கே, சட்டை எங்கே, பக்கத்து வீட்டுக்காரனிடம் என்ன பேச்சு, ஒன்றும் கிடையாது. அப்படியே திரும்பி வாசலுக்குப் போய் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் இவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய், "அப்பா, இந்தக் கோணம் எவ்வளவுப்பா வரும்?" என்று கேட்டுவிட்டாள். தெருமுனைக்குப் போனவர் ஒன்பது மணிக்குத்தான் வந்தார், வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார். பிள்ளை படிப்பைக் கெடுக்கக்கூடாது என்கிற எண்ணம். எத்தனை வீட்டில் இருக்கிறது அப்படி?

ஆனால் ஒன்று. வண்டிச் சத்தம் கேட்டதும் இந்தப் பெண்ணுக்கு எல்லாம் மறந்துபோகும். அதுவரை ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் கேட்டதும், "அம்மா, எந்திரிக்காத. இது புரியல. முதல்ல இருந்து சொல்லு." போட்ட படத்தை அழிப்பாள். காம்பஸை எடுத்து அதே வட்டத்தை இன்னொரு தடவை போடுவாள். மாதத்துக்கு நாலு ரப்பர் ஆகிறது என்றால் பாருங்கள். குக்கர் விசில் அடிக்கிறது, நான் எழுந்திருக்கிறேன், இவள் என் முந்தானையை ஸ்கேலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "செங்கோணம்னா என்னம்மா?" என்கிறாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை! அவர் வாசலில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், எனக்கு எவ்வளவு அவமானமாக இருக்கும்.

முதலில் இப்படி இல்லை அக்கா. ஜூலையில் முதல் இடைத்தேர்வு, தொண்ணூற்றிரண்டு. ஆமாம், தொண்ணூற்றிரண்டு! அவருக்கு வாயெல்லாம் பல். பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, "இனிமே இவளே படிச்சுக்குவா. நீ எதுக்குக் கூட உக்காந்துக்கிட்டு? எந்திரி, போய் வேலையப் பாரு" என்றார். நியாயம்தானே? நானும் எழுந்துவிட்டேன். அந்த ஆகஸ்ட் மாதம் என்னவோ எனக்கு நேரமே சரியில்லை. பின்கட்டுப் படியில் இரண்டு தடவை விழுந்தேன். ஒரு தடவை பீரோ கதவு. அந்தத் தொண்ணூற்றிரண்டைத் தெருவெல்லாம் சொல்லியிருக்கக்கூடாது, கண் பட்டுவிட்டது. காலாண்டில் பார்த்தால் முப்பத்து நாலு. அவர் மார்க் ஷீட்டை என் மடியில் எறிந்து, "கான்வென்டுல படிச்சவளுக்குப் பெத்த புள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தர வக்கில்லையா? உக்காரு அவகூட" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

இதுவா? இது போன வாரம். அரையாண்டு லீவில், குக்கர் மூடி. சூடான மூடி கையில் விழுந்து, அதோடு மணிக்கட்டும் பிசகிக்கொண்டது. ஒன்றுமில்லை, இந்தத் துணிக்கட்டை அவிழ்த்துவிடலாம், இவள்தான் விடமாட்டேன் என்கிறாள். நான் பயந்தவள் இல்லை அக்கா. எதற்குச் சொல்கிறேன் என்றால், எச்.எம். ரூம் என்றதும் நீங்கள் நான் நடுங்குவதாக நினைத்துக்கொள்ளக்கூடாது.

சரி, பயம் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அரையாண்டு மார்க்கைப் பார்த்துவிட்டு அவர் சொல்லிவிட்டார். முழுப் பரீட்சையிலும் இதே கதை என்றால் நாமக்கல்லில் அவர் அக்கா வீட்டுக்கு இவளை அனுப்பிவிடுவாராம். அதுவரை, ரொம்பக் கம்மியாக எடுத்தால்தான் அனுப்புவேன் என்பார். அங்கே கட்டுப்பாடாக வளர்ப்பார்களாம். அவளை அனுப்பிவிட்டு நான் அந்த வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வேன்? அதுதான். அந்த ஒரு மார்க்கை எச்.எம். காலில் விழுந்தாவது கேட்டு வாங்கிவிடலாம் என்றுதான் வந்தேன்.

கூப்பிடுகிறார்கள். என்னைத்தான். பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

*

இன்னும் இருக்கிறீர்களா? நல்லவேளை. தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள்.

உங்களைப் பதினோரு மணிக்குத்தான் கூப்பிடுவார்களாம். பவதாரணியைப் பற்றி ஒன்றும் பெரிதாக இருக்காது, பயப்படாதீர்கள். எச்.எம்.மோடு கணக்கு டீச்சர் வடிவாம்பாளும் இருந்தார், நல்ல மாதிரி. சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் உள்ளே போனதும், ஒரு மார்க் போட்டுக் கொடுங்கள் டீச்சர் என்று ஆரம்பித்தேன். டீச்சர் மூன்று விடைத்தாளையும் மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றிலும் தலையில் ஜே.எம்.ஜே. பிறகு ஓரத்தைப் பாருங்கள் என்றார். கணக்குத்தாளில் வலப்பக்கம் கோடு போட்டு ரஃப் ஒர்க்குக்கு இடம் விடுவார்கள் அல்லவா, அந்த ஓரம். பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்திருந்தது. டீச்சர் தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அழுத்தி எழுதுகிற கை அவளுக்கு, பள்ளம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு கணக்கும் முழுசாக. சரியாக. நான் சொல்லித் தந்த ஸ்டெப்பில் இல்லை, அவளுடைய வழியில், இரண்டு வரியில், மூன்று வரியில். அதை அழித்துவிட்டு, இந்தப் பக்கம் பேனாவால் தப்பு விடை.

எல்லாம் இல்லை அக்கா. முப்பத்து நாலு மார்க்குக்கு மட்டும் சரியாக எழுதியிருக்கிறாள். ஓரத்தில் மூலையில் ஒரு சின்னக் கூட்டல்கூட இருந்தது. ஐந்து, ஐந்து, இரண்டு, எட்டு என்று நீளமாகப் போகிறது. கீழே முப்பத்து நாலு, அடியில் ஒரு கோடு.

டீச்சர் சொன்னார், "ஒரு தடவை முப்பத்து நாலு யாருக்கும் வரும்மா. அதே முப்பத்து நாலு மூணு தடவை வரணும்னா நூறு எடுக்கத் தெரிஞ்சிருக்கணும்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் இரண்டு மணி நேரம் இதற்கா என்று. நிரஞ்சனாவை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். வந்து நின்றாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று எச்.எம். கேட்டார். டீச்சரும் கேட்டார். நான் "ஏண்டி?" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் டீச்சர், "சரி, விடு. முழுப் பரீட்சையில நூறுக்கு எழுதுவியா?" என்று கேட்டார்.

"எழுதலாம் டீச்சர்" என்றாள். "ஆனா ஹோம்ஒர்க் நின்னுடும்."

எச்.எம். சிரித்துவிட்டார். "ஹோம்ஒர்க் நின்னா சந்தோஷப்படற புள்ளைங்கதான் நான் பாத்திருக்கேன்" என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. அவருக்கு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி இருந்தது. "டிசம்பர்ல லீவு விட்ட அன்னிக்கு ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னியே, லீவுக்கு ஹோம்ஒர்க் குடுங்க டீச்சர், நிறையக் குடுங்கன்னு. நான்தான் போடி பைத்தியம், லீவுன்னா லீவுன்னு அனுப்பிட்டேன்" என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார்.

இந்தக் கட்டைத்தான். நிரஞ்சனாவும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன்.

"வீட்ல எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று டீச்சர் கேட்டார். குக்கர் மூடி என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது அக்கா. வேறு வார்த்தைக்குப் பழக்கமில்லை. நான் வந்து பேசட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று போன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். இதோ, ஜாக்கெட்டுக்குள் இருக்கிறது.

வராந்தா முனைவரை அவள் என்னோடு வந்தாள். ஆள் இல்லாத இடத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள். "பாஸானா உன்னை எந்திரிக்கச் சொல்வாரு. ரொம்பக் கம்மியா எடுத்தா என்னை அனுப்பிடுவாரு. நடுவுல முப்பத்து நாலுதாம்மா இருந்துச்சு. இன்னும் ஒரு மார்க்தானேன்னு விட்டு வெப்பாருன்னு நினைச்சேன்." பிறகு, "அரையாண்டுல அவரு இப்படி மாத்துவாருன்னு தெரியல. அது மட்டும் தப்பாப் போச்சு" என்றாள். தப்பாய்ப் போனதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

மூன்று மாதமாக நான் அவளுக்குச் செங்கோணம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன் அக்கா.

நூறுக்கு எழுது என்று சொல்லிவிட்டேன். முழுசாக எழுது, ஓரத்தில் இருப்பதை அழிக்காதே என்று சொல்லிவிட்டேன். "அப்ப சாயங்காலம்?" என்றாள். போய் வகுப்பில் உட்காரு, அதை அம்மா பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கே தெரியாது. அங்கிருந்து இந்த பெஞ்சுவரை நடந்து வருவதற்குள் ஒன்று தோன்றியது. இதற்கும் எக்ஸ் வேண்டியதில்லை.

அக்கா, உங்கள் வீடு எங்கே? பசுபதிபாளையமா? நாங்களும் அங்கேதான், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டாவது தெரு. பவதாரணியை இன்றைக்கே அனுப்புங்கள். நான் கணக்குச் சொல்லித் தருகிறேன். காசு கீசு ஒன்றும் வேண்டாம். நான் சொல்வது புரியாவிட்டால் நிரஞ்சனா சொல்லித் தருவாள், அவள் என்னைவிட நன்றாகச் சொல்வாள். பதினொன்றை நாற்பது ஆக்கிவிடலாம். அவளோடு படிக்கிற பிள்ளைகள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தாலும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஃபெயிலான பிள்ளைகளாக இருந்தால் ரொம்ப நல்லது. அவர்களுக்கு ஹோம்ஒர்க் சீக்கிரம் முடியாது.

அவர் ஒன்றும் சொல்லமாட்டார். வெளியாட்கள் முன்னால் அவரைப்போல மனிதர் கிடையாது, அது உண்மை. நிரஞ்சனா நூறு வாங்கினாலும் மற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் முன்னால் என்னை எப்படி எழுந்திருக்கச் சொல்வார்?

ஆறு மணிக்கே வந்துவிடட்டும். ஆறே முக்காலுக்கு நோட்டெல்லாம் திறந்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நான் கேட்பது. ஜாமெட்ரி பாக்ஸ் கட்டாயம். இன்றைக்கு அல்ஜீப்ராவாக இருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவரட்டும், பக்கத்தில் திறந்து கிடக்கட்டும்.

என்ன கேட்டீர்கள்? ஞாயிற்றுக்கிழமை லீவுதானே என்கிறீர்களா?

இல்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அனுப்பிவிடுங்கள்.